எட்டு சீட் விமானமும் ஒரு பயந்தாங்கொள்ளி முதலாளியும்

டாக்சி நின்றுபோனால் ஓரமாகத் தள்ளி நிறுத்திவிடலாம். நாங்கள் வாடகைக்கு விடும் வண்டிக்கு ஓரம் என்று ஒன்று கிடையாது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்களை அவசர வேலைக்கு ஏற்றிப்போய் இறக்கிவிடும் சின்ன விமானக் கம்பெனி எங்களுடையது. அலுவலகம் படப்பையில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில். விமானங்கள் மீனம்பாக்கத்தில். என் பெயர் ரெஜினா, ஊர் சேரப்பணஞ்சேரி. ஆரம்பத்தில் சுங்குவார்சத்திரத்தில் நாலு கார் வைத்து, தொழிற்சாலை மேனேஜர்களை வீட்டிலிருந்து கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தேன். "விமானக் கம்பெனி நடத்தறீங்களே, உங்களுக்குப் பயமே கிடையாதா?" என்று இப்போது கல்யாண வீடுகளில் கேட்கிறார்கள். இருக்கிறது. காலையில் பல் விளக்கும்போது ஆரம்பித்து, கடைசி விமானம் தரையைத் தொட்டுவிட்டது என்ற தகவல் வரும்வரை இருக்கிறது. போன் மணி அடித்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறவர் நீங்கள் என்றால், எந்தத் தொழிலில் இருந்தாலும் நீங்கள் எனக்குச் சொந்தக்காரர். உங்களுக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

அளக்காத பெட்டி

எங்களிடம் விமானமே இல்லாத காலம். பெரிய வண்டித் தொழிற்சாலை ஒன்றுக்கு பிரேக் பாகங்கள் தரும் கம்பெனியில் குமரவேல் என்பவர் டெஸ்பாட்ச் மேனேஜர். தினமும் எங்கள் காரில்தான் வருவார், போவார். ஒருநாள் காலை ஏழு மணிக்கு அவரே ஆபீசுக்குள் வந்து நின்றார். சட்டை பட்டன் மாறிப் போட்டிருந்தது. "மேடம், உங்ககிட்ட இருக்கறதுலயே வேகமான வண்டி எது?" என்றார். எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். "புனே. அங்க ஒரு பெட்டி கீது. ரெண்டாவது ஷிஃப்ட் ஆரம்பிக்கறதுக்குள்ள அது ஒரகடத்துல இருக்கணும். இல்லேன்னா லைன் நின்னுடும்." லைன் நின்றால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஒரு போல்ட்டு வராததால் ஆயிரம் பேர் கை கட்டி நிற்பார்கள். அப்புறம் யார் தலை என்று தேடுவார்கள்.

பெங்களூரில் விமானம் வாடகைக்குத் தரும் ஒருவரின் எண், எப்போதோ ஒரு பயணி கொடுத்தது, என்னிடம் இருந்தது. கூப்பிட்டேன். ஒன்பது மணிக்கு விமானம் கிளம்பிவிட்டது. நான் பெரிய ஆள் ஆகிவிட்ட மாதிரி குமரவேலுக்கு டீ வரவழைத்தேன். பதினொரு மணிக்குப் புனேவிலிருந்து போன். பெட்டி விமானத்தின் கதவைவிட இரண்டு அங்குலம் அகலம், உள்ளே போகவில்லை. நான் பெட்டியின் அளவைக் கேட்கவே இல்லை. கதவின் அளவையும் கேட்கவில்லை. "உடைக்கச் சொல்லுங்க" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. குமரவேல் அரைகுறை இந்தியில் போனில் கத்தினார். பெட்டியை உடைத்து, பாகங்களை எடை பார்த்து, ஒவ்வொன்றாகச் சுற்றி, சீட்டிலும் தரையிலும் வைத்துப் பெல்ட் போட்டுக் கட்டினார்கள். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் கார் ஒரகடம் கேட்டுக்குள் நுழைந்தது. காரிலிருந்து இறங்கி வந்த குமரவேல், கேட்டருகில் காத்திருந்த என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"லைன் நிக்கல மேடம். அடுத்த தடவை மட்டும் பெட்டிய மொதல்ல அளந்துட்டு, அப்பறமா ரெண்டு பேரும் பயப்படலாம்."

ஒரு கடிதம்

மூன்று வருடம் அடுத்தவர் விமானங்களை அமர்த்திக் கொடுத்தேன். அதற்கு அப்புறம்தான் எட்டு சீட் விமானம் ஒன்றைக் குத்தகைக்கு எடுக்கத் துணிந்தேன். பைலட் வேண்டுமே. விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற கேப்டன் தாணுமூர்த்தியை ஒருவர் அனுப்பிவைத்தார். நாகர்கோவில்காரர். ஒல்லியான மனிதர், நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். சம்பளம், லீவு எதைப் பற்றியும் பேசவில்லை. "ஒரு லெட்டர் எழுதித் தரணும்" என்றார். என்ன கடிதம் என்று கேட்டேன். தான் 'வேண்டாம்' என்று சொன்ன நாளில் விமானம் கிளம்பாது, யாரும் காரணம் கேட்கக் கூடாது. முதலாளியும்தான்.

எனக்குத் திக்கென்றது. நாலு கார் வைத்திருந்தபோது டிரைவர் வண்டி எடுக்கமாட்டேன் என்றால் நானே சாவியை வாங்கி ஓட்டிப் போயிருக்கிறேன். இவர் 'வேண்டாம்' என்றால் நான் எந்தச் சாவியை வாங்குவது? இருந்தாலும் எழுதினேன். கையாலேயே எழுதி, 'காரணம் கேட்கமாட்டேன்' என்பதன் கீழே கோடு போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து போகும்போது கதவருகில் நின்றார்.

"வாயால கேக்காம இருந்தா போதாது அம்மா. 'ஏன்'னு ஒங்க மூஞ்சியிலயும் தெரியக் கூடாது, பாத்துக்கிடுங்க."

கைப்பை

விமானம் இயக்க அனுமதி வாங்க வேண்டுமானால் கையேடு எழுத வேண்டும். எங்கள் கையேடு தலையணை தடிமன். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒரு பக்கம் விடாமல் படித்தார். நான் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குப் பிறகு அவ்வளவு வியர்த்ததில்லை. ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். ஆபத்து நேரத்தில் கூப்பிட வேண்டிய எண், இருபத்து நாலு மணி நேரமும் முதல் தடவை அடிக்கும்போதே எடுக்கப்படும் என்று நான்தான் பெருமையாக எழுதியிருந்தேன். அவர் தன் போனை எடுத்து அந்த எண்ணுக்கு அடித்தார்.

எங்கோ ஒரு மூலையில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் மேஜைக்கு அடியில், பீரோவுக்குள், ஜன்னலோரம் தேடினோம். ஒன்பதாவது மணியில்தான் எனக்கு உறைத்தது: காலையில் சர்ச்சுக்குப் போகும்போது கைப்பையில் போட்ட போன், சீப்புக்கும் ஜெபமாலைக்கும் அடியில் கிடந்தது. எடுத்து "ஹலோ" என்றேன். அவரும் எனக்கு எதிரில் உட்கார்ந்தபடியே போனில் பேசினார்.

"உங்க கையேட்டுல எல்லாம் சரியா இருக்கும்மா. உங்க கைப்பையிலதான் கோளாறு. பத்து நாள் கழிச்சு மறுபடி அடிப்பேன்."

நாற்பது நிமிடம்

கேப்டன் தரையிறங்கியதும் எனக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்புவார்: 'எறங்கியாச்சு'. அதைப் பார்த்தபிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். இரண்டாவது வருடம், ஒரு சிமெண்ட் தொழிற்சாலையின் சொந்த ஓடுதளத்துக்கு நாலு பொறியாளர்களைக் கொண்டுபோனார். அங்கே கண்ட்ரோல் டவர் கிடையாது. மலையடிவாரம், போன் சிக்னலும் சரியாக வராது. பன்னிரண்டரைக்கு இறங்க வேண்டும். பன்னிரண்டு நாற்பதாயிற்று, தகவல் இல்லை. ஐம்பது. அவர் போனும் துணைப் பைலட் போனும் அடிக்கவே இல்லை.

முப்பது நிமிடம் தாண்டினால் சிவப்பு ஃபைலைத் திறக்க வேண்டும் என்று எங்கள் கையேடு சொல்கிறது. ஒரு மணிக்குத் திறந்தேன். முதல் பக்கத்தில் கூப்பிட வேண்டிய அரசாங்க எண்கள். இரண்டாம் பக்கத்தில் பயணிகளின் பெயர்கள், அவசரத்துக்கு யாரிடம் சொல்ல வேண்டும், அவர் என்ன உறவு என்ற விவரம். மனைவி, மனைவி, அப்பா. நாலாவது ஆள் கொரியாவிலிருந்து வந்த பொறியாளர். சுங்குவார்சத்திரத்து லாட்ஜில் தனியாக இருப்பவர். அவர் ஒரு உள்ளூர் எண்ணை எழுதி, உறவு என்ற இடத்தில் 'டீக்கடை அண்ணன்' என்று யாரையோ விட்டுத் தமிழில் எழுத வைத்திருந்தார். அந்த அண்ணனிடம் நான் என்னவென்று சொல்வேன்? கொரியாவில் இருக்கிறவர்களுக்கு யார் சொல்வார்கள்? முதல் பக்கத்து எண்ணைக் கூப்பிட்டேன். அவர்கள் விசாரிக்கிறோம் என்றார்கள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு, பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 'வணக்கம்' என்பதற்கு மேல் வரவில்லை.

ஒரு மணி பத்து நிமிடத்துக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன். கேப்டன்தான். அங்கே செல்போன் கோபுரம் பழுதாம். வாட்ச்மேன் அறையிலிருந்த தரைவழி போனைப் பிடித்துக் கூப்பிடுவதற்குள் இவ்வளவு நேரம் ஆகிவிட்டது. அடுத்த வாரமே விமானத்தில் சாட்டிலைட் போன் வைத்தோம். ஆனால் அன்றைக்கு நான் போனைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். கேப்டன் மெதுவாகச் சொன்னார்:

"நாங்க எறங்கி நாப்பது நிமிசம் ஆச்சு அம்மா. நீங்க எப்பம் எறங்கப் போறீங்க?"

வேண்டாம்

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வெளிநாட்டுத் தொழிற்சாலையின் எம்.டி.தான் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். மாதத்துக்கு ஆறு தடவை பறப்பார். அவருடைய செக்ரட்டரி பிரேமலதாதான் எங்களிடம் பேசுவார். ஐப்பசி மழையில் ஒருநாள் எம்.டி. கோயம்புத்தூர் போக வேண்டும். காலை ஆறரைக்கு கேப்டன் வானிலைத் தாள்களைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்றார். என் முகத்தில் எதுவும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் நான் உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே மழைகூட இல்லை. பிரேமலதாவுக்கு போன் செய்து சொன்னேன். அவர் பின்னாலிருந்து எம்.டி. ஆங்கிலத்தில் கத்தியது எனக்கு நன்றாகவே கேட்டது.

வேறொரு கம்பெனி ஒரு மணி நேரத்தில் விமானம் கொடுத்துவிட்டது. வாசகர்களே, அன்று காலை நான் எதற்கெல்லாம் பயந்தேன் தெரியுமா? அந்த விமானத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். ஒன்றும் ஆகாமல் போய்ச் சேர்ந்துவிடுமோ என்றும் பயந்தேன். அப்படிப் பயந்ததற்காக என்னை நினைத்து இன்னும் பயந்தேன். பன்னிரண்டு மணிக்கு பிரேமலதா கூப்பிட்டார். "சார் போய்ச் சேர்ந்துட்டாரு மேடம். மீட்டிங்கும் முடிஞ்சுது. இனிமே அந்தக் கம்பெனியையே வெச்சுக்கச் சொல்லிட்டாரு." மாதத்தில் பாதி வேலை ஒரே போனில் போயிற்று. கேப்டன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். நான் காரணம் கேட்கவில்லை. கேட்டுவிடுவேனோ என்று பயந்து, வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

ஐந்து மாதம் விமானம் பாதி நாள் சும்மா நின்றது. இரண்டாவது விமானம் வாங்கும் பேச்சைத் தள்ளிவைத்தோம். ஆறாவது மாதம் பிரேமலதாவிடமிருந்து மறுபடியும் போன். எம்.டி.யின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொச்சி போக வேண்டுமாம், விமானம் கிடைக்குமா என்றார். அந்தக் கம்பெனி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"சார் இப்பவும் அவங்க பிளேன்லதான் மேடம் போறாரு. வூட்ல இருக்கறவங்களுக்கு மட்டும் உங்களையே கேக்கச் சொன்னாரு."

பத்தாம் நம்பர்

எங்கள் எஞ்சினியர் டில்லிபாபுவுக்கு மணிமங்கலம். விமானத்தைத் தொட்டுப் பழுது பார்த்து, 'பறக்கலாம்' என்று கையெழுத்துப் போடும் உரிமை உள்ளவர். அவர் கையெழுத்து இல்லாமல் கேப்டனே ஏற முடியாது. டில்லிபாபுவின் கருவிகளுக்கு ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே பலகையில் குழி வெட்டியிருக்கும். வேலை முடிந்ததும் எல்லாக் குழியும் நிரம்ப வேண்டும். இரண்டாவது விமானம் வந்து நாலாவது மாதம், காலை ஒன்பது மணிக்கு ஐந்து பேர் ஐதராபாத் கிளம்பக் காத்திருந்தார்கள். எட்டேமுக்காலுக்கு டில்லிபாபு என்னைக் கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது. "மேடம், பலகையில ஒரு குழி காலியா கீது. பத்தாம் நம்பர் ஸ்பேனர். பிளேன் போகக் கூடாது."

நான் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் மூடிகளை எல்லாம் கழற்றியிருந்தார். பயணிகளிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், நான் டில்லிபாபுவின் முதுகைப் பார்த்தேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஐம்பது நிமிடம் கழித்து, இடது எஞ்சினுக்குள் டார்ச்சை நீட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே அசையாமல் நின்றார். பிறகு கையை உள்ளே விட்டு, மெதுவாக எடுத்தார். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்பி ஓடும் இடத்துக்கு ஒரு விரல் தள்ளிக் கிடந்தது அந்த ஸ்பேனர். மேலே ஒரு குலுக்கல் குலுக்கியிருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விமானம் பதினொன்றரைக்குக் கிளம்பியது. டில்லிபாபு படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். தன் தப்பைத் தானே சொன்னவரைத் திட்டக் கூடாது என்பது எங்கள் கம்பெனியில் எழுதிவைத்த விதி. நான் டீ வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா மேடம் நீங்க? நானே வெச்சிட்டு நானே எடுத்துகினேன். இதுக்குப் போய் எனக்கு டீ வாங்கியாறீங்க?"

எட்டு விமானம்

நாங்கள் நன்றாக நடத்துகிறோம் என்று கேள்விப்பட்டு சென்னையிலிருந்து ஒரு முதலீட்டாளர் வந்தார். பேக்கரி வாசனை அடிக்கும் எங்கள் மாடி அறையில் கம்ப்யூட்டரை விரித்துப் படம் போட்டுக் காட்டினார். ஒன்றரை வருடத்தில் எட்டு விமானம். ஒசூர், கோவை, ஐதராபாத் எல்லா இடத்திலும் கிளை. பொய் சொல்லமாட்டேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. சேரப்பணஞ்சேரிக்காரிக்கு எட்டு விமானம்! ஒரு விமானம் கூட்டுவதற்கு எங்களிடம் ஒரு விதி உண்டு: அதற்கான இரண்டு பைலட்டும் ஒரு எஞ்சினியரும் முதலில் எங்களோடு ஒரு வருடம் முழுதாக வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த விதியால் எங்கள் கம்பெனி ஆமை வேகத்தில்தான் வளர்ந்தது. இவர் அதை ஒரே வரியில் அடித்துவிட்டார்.

கேப்டனையும் டில்லிபாபுவையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கேப்டன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எட்டு பிளேனுக்குப் பதினாறு பைலட் வேணும். கெடைப்பாவ. 'வேண்டாம்'னு சொல்லத் தெரிஞ்ச பதினாறு பேரு கெடைப்பாவளா?" முதலீட்டாளர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு விமானம் ஒரே நேரத்தில் மேலே இருப்பதை நினைத்துப் பார்த்தேன். எட்டு 'எறங்கியாச்சு'. எட்டு சிவப்பு ஃபைல். இல்லை என்று சொல்லவும் பயமாக இருந்தது. இப்படி ஒருவர் இனி மாடி ஏறி வரமாட்டார் என்று தெரியும். மூன்று நாள் தள்ளிப்போட்டு, கடைசியில் நேரிலேயே போய், வேண்டாம் என்று சொன்னேன். மூன்றாவது விமானம் எங்களுக்கு அதற்கப்புறம் மூன்று வருடம் கழித்துத்தான் வந்தது. அவர் கோபப்படவில்லை. லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினார்.

"நான் கம்பெனியில முதலீடு பண்ணுவேன் மேடம். உங்க பயத்துல முதலீடு பண்ண முடியாது."

வளர்மதி

இதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், இதில் என் மானம் போகிறது. விமானக் கம்பெனி வைத்த நாளிலிருந்து போன வருடம் வரை நான் எங்கள் விமானத்தில் ஏறியது இரண்டே தடவைதான். இரண்டு தடவையும் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்து யார் கூப்பிட்டாலும் ஆபீசில் வேலை இருக்கிறது என்பேன். இது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒருநாள் காலை, ஒரகடத்தில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் முதலாளி ஒருவர் போன் செய்தார். அவருடைய ஃபிட்டர் சேகர் தூத்துக்குடியில் ஒரு மிஷின் பொருத்தப் போன இடத்தில் கால்மேல் மிஷின் சாய்ந்துவிட்டது. ரத்தக் குழாய் நசுங்கியிருக்கிறது, சாயங்காலத்துக்குள் சென்னையில் ஆபரேஷன் செய்தால் கால் தப்பலாம். சாலை வழியாக வந்தால் முடியாது. சென்னைக்கு மாற்றுவதற்குக் கையெழுத்துப் போட வீட்டு ஆள் வேண்டும், நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். வீட்டு ஆள் என்றால் அவர் மனைவி வளர்மதிதான். சுங்குவார்சத்திரம் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைனில் நிற்கிறவள். யூனிஃபார்ம் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக விமான நிலையத்துக்கு வந்து நின்றாள். விமானத்தைப் பார்த்ததும் அவள் கால் நகரவில்லை. "இம்மாம் சின்னதாவா இருக்கும்?" என்றாள். சேகரை அழைத்துவரக் கூட வந்த டாக்டரும் நர்ஸும் ஏறிவிட்டார்கள். உறவினர் வந்தால் எங்கள் ஆள் ஒருவர் கூட உட்கார வேண்டும் என்பது நான் எழுதிய விதி. அன்றைக்கு மற்ற எல்லோரும் வெளியூரில். கேப்டன் என்னைப் பார்த்தார்.

ஏறினேன். திருச்சி தாண்டியதும் மேகத்துக்குள் நுழைந்தோம். விமானம் ஒரு தடவை கீழே விழுந்து மறுபடி பிடித்துக்கொண்டது. அப்படித்தான் எனக்கு இருந்தது. பறக்கிறவர்கள் அதைச் சின்ன ஆட்டம் என்பார்கள். வளர்மதி என் கையைப் பிடித்தாளா, நான் அவள் கையைப் பிடித்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவள் என் கையைத் தன் மடியில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தூத்துக்குடியில் கையெழுத்து நடுங்காமல் போட்டாள். திரும்பி வரும்போது சேகர் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். டாக்டர் அவருடைய பாதத்தில் விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னலைப் பார்க்கவில்லை, டாக்டரின் முகத்தைத்தான் பார்த்தேன். ஒரு இடத்தில் அவர் விரலை எடுத்து, மறுபடி வைத்து, ரொம்ப நேரம் அழுத்தினார். பிறகு லேசாகத் தலையை ஆட்டினார். மீனம்பாக்கத்தில் ஆம்புலன்ஸ் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தது.

கால் விரல் இரண்டு போயிற்று, கால் தப்பியது. சேகர் இப்போது கம்பு ஊன்றி நடந்து, அதே ஒர்க்‌ஷாப்பில் கருவிகளைக் கொடுத்து வாங்கும் வேலையைப் பார்க்கிறார். போன மாதம் புருஷனும் பெண்டாட்டியுமாக எங்கள் மாடி ஏறி வந்தார்கள். கேப்டனும் டில்லிபாபுவும் இருந்தார்கள். மேலே பயமாக இருந்ததா என்று டில்லிபாபு வளர்மதியிடம் கேட்டார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன், அவள் கவனிக்கவில்லை.

"எனக்கும் பயந்தாண்ணா. அக்கா கைய தொட்டுப் பார்த்தா, என் கைய விட ஜில்லுனு கீது. சரி, இவங்களையும் நாமதான் பார்த்துக்கணும் போலன்னு நெனச்சேன். அப்பறம் எனக்குப் பயப்பட நேரமே இல்ல."

*

இந்தத் தொழிலில் மேலே போனவை எல்லாம் இதுவரை பத்திரமாகக் கீழே வந்துவிட்டன. என் ரத்த அழுத்தம் ஒன்றுதான் போனது போனபடியே மேலே இருக்கிறது.